மதிப்பெண்ணுக்கும் நிறம் உண்டு

மருத்துவமனைகளின் தரப் பட்டியல் எல்லோருக்கும் பொது. அதன் பலன் மட்டும் அமெரிக்கக் கறுப்பர்களை முழுதாகச் சென்றடையவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல மருத்துவர்களுக்கும் மதிப்பெண் போட்டால் என்ன? அமெரிக்காவின் நியூயார்க் மாநில சுகாதாரத் துறை 1990இல் அதைத்தான் செய்தது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சையில் எந்த மருத்துவமனையில் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்ற கணக்கை, நோயின் கடுமையையும் கருத்தில் கொண்டு வெளியிட்டது. ‘நியூஸ்டே’ நாளிதழ் வழக்குத் தொடுத்து வென்றதால், 1991இல் தனித்தனி மருத்துவர்களின் கணக்கும் வெளியே வந்தது.

பலன் இல்லாமல் இல்லை. 1989க்கும் 1992க்கும் இடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்தது. ஆனால் பட்டியலுக்கு இன்னொரு முகமும் இருந்தது. பட்டியல் வெளியானதும் பைபாஸ் சிகிச்சை பெறுவதில் வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இருந்த இடைவெளி நியூயார்க்கில் அதிகரித்தது. ஒப்பிடப்பட்ட மற்ற மாநிலங்களில் அப்படி நேரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரேச்சல் வெர்னர் குழுவினர் 2005இல் இதை வெளிப்படுத்தினார்கள். இறப்புக் கணக்கு கூடினால் பெயர் கெடும். எனவே ஆபத்து அதிகம் என்று தாங்கள் கருதிய நோயாளிகளை மருத்துவர்கள் தவிர்த்திருக்கலாம், அந்தக் கணிப்பில் தோலின் நிறமும் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இடைவெளி பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

சரி, நோயாளிகளாவது பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தார்களா? பென்சில்வேனியா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் விசாரித்த 1998ஆம் ஆண்டு ஆய்வின்படி, அறுவைக்கு முன்பே பட்டியல் பற்றி அறிந்திருந்தவர்கள் 12 சதவீதம்தான். பெரும்பாலோருக்கு வழி காட்டுவது பட்டியல் அல்ல, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர்.

சிக்கல் அங்கேதான். கறுப்பின நோயாளிகளின் வருகைகளில் 80 சதவீதத்தை வெறும் 22 சதவீத மருத்துவர்களே கவனிக்கிறார்கள் என்று 2004இல் பீட்டர் பாக் குழுவினர் கண்டறிந்தார்கள். தரமான சிறப்பு மருத்துவர்களிடம் நோயாளிகளை அனுப்புவது கடினமாக இருக்கிறது என்று சொன்னவர்களும் இவர்களிடையேதான் அதிகம்.

தூரத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. நல்ல மருத்துவமனைகளுக்கு வெள்ளையர்களைவிடக் கறுப்பர்களே அருகில் வசித்தார்கள். ஆனாலும் பெரிய அறுவை சிகிச்சைகளைத் தரம் குறைந்த மருத்துவமனைகளில் செய்துகொண்டவர்களும் அவர்களே அதிகம் என்றது 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. இனவாரியாகப் பிரிந்து வாழும் பகுதிகளில் இந்த வித்தியாசம் துலக்கமாகத் தெரிந்தது.

இவற்றோடு நம்பிக்கையின்மையும் உண்டு. அலபாமாவின் டஸ்கீகியில், மேகநோய் கண்ட 399 கறுப்பர்களை 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறை சிகிச்சை தராமலே ‘ஆராய்ந்தது’. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல்தான். அதே அரசு தரும் தகவலைச் சிலர் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

2016 முதல் மத்திய அரசே மருத்துவமனைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் ஐந்து நட்சத்திர மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க ஒரு மருத்துவர் வேண்டும். அங்கே செல்லுபடியாகும் காப்பீடும் வேண்டும். இவை இல்லாதவருக்கு நட்சத்திரங்கள் வானத்தில் இருப்பவைதான்.