போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சுவை

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வழக்கின் பொருட்டு வருவோர், காலையில் தேநீர்க்கடையில் அமர்ந்து பாணைத் தேநீரில் தோய்த்து உண்பதை நாம் காண்கிறோம். பாண், விசுக்கோத்து, அவற்றை வைக்கும் மேசை ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேயர் தந்தவை. அவர்தம் அண்டை நாடாகிய ஸ்பெயினிலும் ரொட்டிக்குப் 'பான்' என்றே பெயர்.

1656ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் கொடி இறங்கிற்று. ஆயினும் அவர்தம் அடுப்படி அணையவில்லை. நத்தார்க் காலத்தில் கொட்டாஞ்சேனை இல்லங்களில் மணக்கும் 'லவ் கேக்' அவர்கள் வழிவந்ததென்றே கருதப்படுகிறது. 'நத்தார்' என்பதும் அவர்கள் சொல்லே!

போர்த்துக்கல், ஸ்பெயின் நாட்டு இனிப்புகள் பலவற்றைப் போலவே இதிலும் முட்டையின் மஞ்சட்கரு மிகுதி. ரவை, சீனி, வெண்ணெய், பொடியாக நறுக்கிய கஜு, பாகிலிட்ட நீற்றுப்பூசணி, பன்னீர், ஏலம், கறுவா ஆகியனவும் சேரும். கஜு மரம் பிரேசிலிலிருந்து அவர்கள் கொணர்ந்தது; கறுவாவோ அவர்களை இங்கு ஈர்த்த நம் மண்ணின் செல்வம்.

இளஞ்சூட்டில் நெடுநேரம் வேகவேண்டும். மேற்புறம் பொன்னிறமாகி, உள்ளே ஈரம் வற்றாதிருக்கவேண்டும். இப்பக்குவம் பல வீடுகளில் எழுதி வைக்கப்படவில்லை. அம்மம்மாவின் கண்ணும் கையுமே அதனை அறியும்.

கடையில் வாங்கிவிடுவது எளிதாகிய இந்நாளில், மாணவர்களே, அடுத்த நத்தாருக்கு அம்மூதாட்டியர் அருகில் அமர்ந்து அளவையும் பக்குவத்தையும் குறித்து வையுங்கள். ஆட்சி அழிந்த பின்னும் நிலைத்த சுவை, ஒரு குறிப்பேடு இல்லாமையால் அழிந்துவிடலாகாது.