மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் மருந்தக உடைமை: அமெரிக்க நடைமுறையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மருந்தகங்களையும் தம் உடைமையாகக் கொண்டுள்ளன. இவ்வுடைமை மருந்துச் செலவைக் குறைக்கும் என்பர் ஒரு சாரார். விலையை உயர்த்தித் தனி மருந்தகங்களை நலிவடையச் செய்யும் என்பர் மற்றொரு சாரார். கூட்டாட்சி வணிக ஆணையத்தின் இரு இடைக்கால அறிக்கைகள், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் மருத்துவச் செலவு விகித விதி, ஆர்க்கன்சா, வடக்கு டகோட்டா மாநிலங்களின் சட்டங்கள் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை இச்சிக்கலை ஆராய்கிறது. மருந்தகத்தை உடைமையாக்கிக்கொள்வதும், போட்டி மருந்தகங்களுக்கான விலையை முடிவு செய்வதும் ஒருவர் கையில் சேர்வதே சிக்கலின் வேர் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மருத்துவக் காப்பீடு, மருந்துப் பயன் மேலாண்மை, செங்குத்து ஒருங்கிணைப்பு, மருந்தக உடைமை, மருத்துவச் செலவு விகிதம்.

முன்னுரை

வாங்குபவரும் விற்பவரும் வேறுவேறாக இருப்பதே பேரத்தின் அடிப்படை. காப்பீட்டு நிறுவனம் மருந்துக்குப் பணம் செலுத்துகிறது. மருந்தகம் அதனைப் பெறுகிறது. முன்னது விலை குறைய வேண்டுமென விரும்பும். பின்னது கூட வேண்டுமென விரும்பும். இவ்விரண்டும் ஒரே தாய் நிறுவனத்தின் கிளைகளாகிவிட்டால் இந்த இழுபறி நின்றுவிடுகிறது. விலை என்பது ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறும் தொகையாகிறது. இம்மாற்றத்தால் பயனடைவோர் யார், இழப்போர் யார் என்பதே இங்கு எழும் வினா.

மருந்துப் பயன் மேலாண்மை நிறுவனங்கள்

காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருந்தகத்துக்கும் இடையே மருந்துப் பயன் மேலாண்மை நிறுவனம் என்னும் இடையீட்டு அமைப்பு உள்ளது. எம்மருந்துகளுக்குக் காப்பீடு உண்டு என்னும் பட்டியலை வகுத்தல், உற்பத்தியாளர்களிடம் பேசித் தள்ளுபடி பெறுதல், எந்தெந்த மருந்தகங்களில் காப்பீடு செல்லும் என வரையறுத்தல், ஒவ்வொரு மருந்துக்கும் மருந்தகத்துக்கு வழங்கும் தொகையை உறுதி செய்தல் ஆகியன இதன் பணிகள்.

இவ்வமைப்பைத் தொடக்கத்தில் கைப்பற்ற முனைந்தவர்கள் மருந்து உற்பத்தியாளர்களே. மெர்க் நிறுவனம் 1993இல் மெட்கோவையும், எலி லில்லி 1994இல் பி.சி.எஸ். நிறுவனத்தையும் வாங்கின. உற்பத்தியாளர் தம் மருந்துக்குப் பட்டியலில் முன்னிடம் தருவார் என்னும் ஐயம் எழுந்தது. கூட்டாட்சி வணிக ஆணையம் கட்டுப்பாடுகளை விதித்தது. லில்லி தன் நிறுவனத்தை விற்றுவிட்டது. மெர்க் 2003இல் மெட்கோவைப் பிரித்துவிட்டது.

பின்னர் ஒருங்கிணைப்பு வேறு திசையில் நிகழ்ந்தது. மருந்தகத் தொடர் நிறுவனமான சி.வி.எஸ்., 2007இல் கேர்மார்க் என்னும் மேலாண்மை நிறுவனத்துடன் இணைந்தது. 2018இல் ஏட்னா காப்பீட்டு நிறுவனத்தை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் சிக்னா காப்பீட்டு நிறுவனம் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸை வாங்கியது. யுனைடெட்ஹெல்த் குழுமத்திடம் ஆப்டம் ஆர்.எக்ஸ். உள்ளது. ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2023இல் வழங்கப்பட்ட ஏறத்தாழ 660 கோடி மருந்துச் சீட்டுகளில் 80 விழுக்காட்டை ஒட்டிய பங்கு இம்மூன்று மேலாண்மை நிறுவனங்களின் வழியே சென்றது. மூன்றும் அஞ்சல்வழி மருந்தகங்களையும், புற்றுநோய் முதலானவற்றுக்கான சிறப்பு மருந்துகளை வழங்கும் மருந்தகங்களையும் தம் குழுமத்துக்குள் கொண்டுள்ளன.

உடைமைக்கு ஆதரவான வாதம்

இவ்வொருங்கிணைப்பை ஆதரிப்போர் முன்வைக்கும் பொருளியல் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. இரு நிறுவனங்கள் தனித்தனியே இலாபம் வைத்து விற்கும்போது நுகர்வோர் இரட்டை இலாபத்தைச் சுமக்கிறார். ஒரே நிறுவனமாயின் ஒன்று குறையும். நோயாளி மருந்தை இடைவிடாது உட்கொள்கிறாரா என்பதை மருந்தகம் கண்காணித்தால், மருத்துவமனைச் செலவு குறைந்து காப்பீட்டு நிறுவனம் பயன்பெறும். ஆதலின் கண்காணிப்பில் முதலீடு செய்ய அதற்கு ஊக்கம் பிறக்கும்.

கைசர் பெர்மனென்ட்டி இதற்குத் தக்க சான்று. அங்குக் காப்பீடு, மருத்துவமனை, மருந்தகம் மூன்றும் ஓரமைப்பாக இயங்குகின்றன. எனினும் அம்மருந்தகங்கள் பெரும்பாலும் அவ்வமைப்பின் உறுப்பினர்களுக்கே பணிபுரிகின்றன. நாடெங்கும் உள்ள பிற மருந்தகங்களின் வருவாயை அவ்வமைப்பு முடிவு செய்வதில்லை. மேற்கூறிய மூன்று குழுமங்களிடமிருந்து அது வேறுபடுமிடம் இதுவே.

விலை குறித்த சான்றுகள்

இம்மூன்று குழுமங்களிலும் போட்டி மருந்தகத்துக்கு எவ்வளவு வழங்குவது என்பதை மேலாண்மைக் கிளை முடிவு செய்கிறது. அதே போட்டியாளருடன் மருந்தகக் கிளை வணிகம் புரிகிறது. நோயாளியை எம்மருந்தகத்துக்கு அனுப்புவது என்பதும் இம்மேலாண்மைக் கிளையின் கையிலேயே உள்ளது. இதன் விளைவை ஆணையத்தின் அறிக்கைகள் எண்களால் காட்டுகின்றன.

2024 ஜூலையில் வெளிவந்த முதல் அறிக்கை, இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப், புரோஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராட்டரோன் ஆகியவற்றின் பொதுப்பெயர் வடிவங்களை ஆராய்ந்தது. இவற்றுக்காகக் குழுமங்களின் சொந்த மருந்தகங்களுக்குச் சில திட்டங்கள் வழங்கிய தொகை, தேசியச் சராசரிக் கொள்முதல் விலையைப் போல் 20 முதல் 40 மடங்காக இருந்தது. இவ்விரு மருந்துகளில் மட்டும் மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் கொள்முதல் மதிப்புக்கு மேல் ஏறத்தாழ 160 கோடி டாலர் ஈட்டப்பட்டது. ஆணைய உறுப்பினர் ஒருவர், அறிக்கையின் சான்றுகள் போதா எனக் கூறி எதிர்த்து வாக்களித்தார். 2025 ஜனவரியில் வந்த இரண்டாம் அறிக்கை 51 சிறப்புப் பொதுப்பெயர் மருந்துகளுக்கு ஆய்வை விரித்தது. 2017 முதல் 2022 வரை கொள்முதல் மதிப்புக்கு மேல் ஈட்டிய தொகை 730 கோடி டாலருக்கும் அதிகம் என அது கணக்கிட்டது. இவ்வறிக்கையை உறுப்பினர் அனைவரும் ஏற்றனர். கொள்முதல் மதிப்பீடு சில்லறை மருந்தகங்களின் விலைப்பட்டியல்களைக் கொண்டது. சிறப்பு மருந்துகளுக்கான பணிச்செலவை அது உள்ளடக்காது என்பது குழுமங்களின் மறுப்பு. பணிச்செலவு உண்மையே, ஆயினும் 20 மடங்கு வேறுபாட்டை அது ஒன்றே விளக்கிவிடாது.

மருத்துவச் செலவு விகித விதி

காப்பீட்டு நிறுவனம் தன் சொந்த மருந்தகத்துக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. பிரீமியத் தொகையில் தனிநபர், சிறுகுழுத் திட்டங்களில் 80 விழுக்காட்டையும், பெருங்குழுத் திட்டங்களில் 85 விழுக்காட்டையும் மருத்துவத்துக்கும் அதன் தர மேம்பாட்டுக்கும் செலவிட வேண்டும். குறையும் தொகையைத் திருப்பித் தர வேண்டும். காப்பீட்டு இலாபத்துக்கு வரம்பிடுவதே இவ்விதியின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பெருங்குழுத் திட்டமொன்றில் பிரீமியம் 100 டாலர், மருத்துவச் செலவு 80 டாலர் எனக் கொள்வோம். விதிப்படி 5 டாலரைத் திருப்பித் தர வேண்டும். அந்நிறுவனம் தன் குழும மருந்தகத்துக்கு மருந்து விலையாக 5 டாலர் கூட்டி வழங்கினால், ஏட்டில் மருத்துவச் செலவு 85 டாலராகிறது. விதி நிறைவேறிவிடுகிறது, பணமோ குழுமத்தைவிட்டு வெளியேறவில்லை. பணம் பெறுபவர் வேற்றார் என்னும் எண்ணத்தில் அமைந்த விதி, பெறுபவரும் தருபவரும் ஒருவராகும்போது வலுவிழக்கிறது.

பணி வழங்குநர் வழியே காப்பீடு பெறும் அமெரிக்கத் தொழிலாளரில் பெரும்பாலோர் உள்ள சுயகாப்பீட்டுத் திட்டங்களுக்கு இவ்விதி பொருந்தாது. அங்கு மருந்துச் செலவை ஏற்பவர் பணி வழங்குநரே. காப்பீட்டு நிறுவனம் நிருவாகப் பணி மட்டும் செய்கிறது. பிறர் பணத்தில் தன் மருந்தகத்தின் வருவாய் கூடும் வாய்ப்பு அங்கு இன்னும் நேரடியானது.

மாநிலச் சட்டங்கள்

இதனைத் தடுக்க முனைந்த சட்டங்கள் இருவகையின. வடக்கு டகோட்டா 1963 முதல் மருந்தகத்தின் பெரும்பான்மைப் பங்கு பதிவுபெற்ற மருந்தாளுநரிடம் இருக்க வேண்டும் என விதித்துள்ளது. உச்ச நீதிமன்றம் 1973இல் இதனை ஏற்றது. 2014இல் நடந்த வாக்கெடுப்பில் இதை நீக்கும் முயற்சியை மக்கள் நிராகரித்தனர்.

ஆர்க்கன்சா வேறு வழியை மேற்கொண்டது. மருந்துப் பயன் மேலாண்மை நிறுவனங்கள் 2026 ஜனவரி முதல் மருந்தகங்களை உடைமையாகக் கொள்ளலாகாது என 2025 ஏப்ரலில் சட்டம் இயற்றியது. தம் 23 மருந்தகங்களை மூட நேரும் எனச் சி.வி.எஸ். அறிவித்தது. பிற மாநில நிறுவனங்களுக்கு எதிரான பாகுபாடாகத் தோன்றுகிறது என்னும் காரணத்தாலும், படைவீரர் மருத்துவத் திட்டமான டிரைகேருக்கான கூட்டாட்சிச் சட்டத்துடன் முரண்படுகிறது என்பதாலும், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையிலேயே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மாநில எல்லைக்குள் மட்டும் இச்சிக்கலைத் தீர்த்தல் அரிது என்பதை இது உணர்த்துகிறது. குழுமங்கள் மூன்றாண்டுக்குள் மருந்தகங்களை விற்றுவிட வேண்டும் என்னும் கூட்டாட்சி மசோதாவை 2024 டிசம்பரில் எலிசபெத் வாரன், ஜோஷ் ஹாலி ஆகிய இரு கட்சிச் செனட்டர்கள் இணைந்து முன்வைத்தனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வருவன புலனாகின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் மருந்தக உடைமை தன்னளவில் தீதன்று. தன் உறுப்பினர்களுக்கே பணிபுரியும் அமைப்பில் அது பயன் தரக்கூடும். போட்டி மருந்தகங்களின் வருவாயை முடிவு செய்யும் நிறுவனத்துக்கு அவ்வுடைமையை அனுமதித்தல் நடுவரே ஆட்டத்திலும் இறங்குவதற்கு ஒப்பாகும். ஆதலின் இவ்விரண்டையும் சட்டம் பிரிக்க வேண்டும். பிரியும் காலம் வரையில், செலவு விகிதக் கணக்கில் குழும மருந்தகத்துக்கு வழங்கிய தொகையை அன்றி, மருந்தின் கொள்முதல் விலையையும் உரிய பணிச்செலவையும் மட்டுமே மருத்துவச் செலவாக ஏற்க வேண்டும். மருந்தகம் அரிதாகவுள்ள ஊர்களில் விற்பனைக்குப் போதிய கால இடைவெளி தரப்பட வேண்டும். உற்பத்தியாளரை மேலாண்மை நிறுவனத்திலிருந்து விலக்கிய முந்தைய அனுபவம் இத்தகைய பிரிப்பு இயலாத ஒன்றன்று என்பதைக் காட்டுகிறது. புற்றுநோய் மருந்துக்காகக் காத்திருக்கும் ஒருவர் செலுத்தும் பங்குத்தொகை பல திட்டங்களில் மருந்தின் விலையைப் பொறுத்தே அமைகிறது. எனவே அவ்விலை மெய்யான பேரத்தில் விளைந்ததா என்பது அவரையும் சார்ந்த வினாவாகும்.