குருசோவின் தோணியும் நொக்ஸின் தொப்பியும்

ஆண்டுதோறும் திரௌபதி அம்மனுக்கு விழா எடுத்துத் தீமிதிக்கும் உடப்பு ஜனங்களுக்கு, பழங்கதையொன்று ஏன் பழசாவதில்லை என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலால், 1719-இல் டானியல் டீபோ வெளியிட்ட ‘ரொபின்சன் குருசோ’ என்னும் நவீனம் அவ்வருஷத்திலேயே பல பதிப்புகள் கண்டு, முந்நூறு வருஷங்களாகப் பாலரும் பண்டிதரும் விரும்பும் நூலாய் நிலைத்திருப்பது இவ்வூர் மாணவருக்கு அதிசயமாகத் தோன்றாது.

அந்தப் பிரசித்திக்குக் காரணம் கப்பற்சேதமோ நரமாமிசம் புசிப்போரோ அல்ல. கோழித்தீவனப் பையை உதறிய இடத்தில் பார்லி முளைத்ததைக் கண்டு கண்ணீர் உகுத்து, அந்தச் சில கதிர்களைப் பேணி வயலாக்கி, மண் பிசைந்து பானை சுட்டு, ஆளற்ற தீவொன்றில் மனித ஜீவனத்தை ஆதியிலிருந்து தொடங்கும் குருசோவினுடைய கைவேலையே என்பது என் துணிபு.

எனினும் உடப்பில் இந்நூலைக் கற்பவர் நெடுநேரம் தங்க வேண்டிய இடம் வேறொன்று. குருசோ பெருமரமொன்றை இருபது நாள் வெட்டிச் சாய்த்து, மாதக்கணக்காகக் குடைந்து, இருபத்தாறு பேர் ஏறத்தக்க தோணியாக்கி, நூறு கெஜ தூரத்திலுள்ள நீருக்கு அதை நகர்த்த வகையின்றிக் கைவிடுகிறான். அம்பாப் பாட்டின் தாளத்துக்குப் பலர் கூடிக் கரைவலை இழுக்கும் ஊரில், ஆளில்லாமல் தோணி எப்படிக் கடலுக்குப் போகும் என்று சிறுபிள்ளையும் கேட்கும். ஆளைத் தேடும் அதே குருசோதான், முன்பு தன்னோடு தப்பிவந்த சூரி என்ற சிறுவனை அறுபது வெள்ளிக் காசுக்குக் கொடுத்துவிடுகிறான். பிறகு வெள்ளிக்கிழமை என்று பெயரிட்டவனுக்கு எஜமான் என்று அழைக்கக் கற்பிக்கிறான். வகுப்பறையில் இப்பக்கங்களைத் தாண்டிச் செல்வது தகாது.

இக்கதைக்கு மூலமாக அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற மாலுமியையே பலரும் சுட்டுவர். ஆனால் நமக்கு அணித்தானவர் ராபர்ட் நொக்ஸ். 1660-இல் கொட்டியாரத்தில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது வருஷங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்த நொக்ஸ், 1679 அக்டோபரில் மல்வத்து ஓயாவைப் பின்தொடர்ந்து நடந்து, உடப்பிருக்கும் இந்த வடமேற்குக் கரையிலேயே உள்ள அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681-இல் அச்சான அவருடைய இலங்கைச் சரித்திரத்தை டீபோ நன்கறிவார். ‘கப்டன் சிங்கிள்டன்’ என்னும் தம் பிந்தைய நவீனத்தில் நொக்ஸின் கதையை வெளிப்படையாகவே எடுத்தாண்டார்.

நொக்ஸும் தொப்பி பின்னினார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வீடு கட்டினார். ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருநாள், கிழவரொருவரிடம் ஆங்கில விவிலியம் இருக்கக் கண்டு, தாம் பின்னிய தொப்பியைக் கொடுத்து அதை வாங்கினார். குருசோவுக்கோ விவிலியம் உடைந்த கப்பலின் பெட்டியிலிருந்து கிடைக்கிறது, கொடுத்தவரென்று எவருமில்லை. நொக்ஸுக்குச் சோறிட்ட கிராமத்தாரையும், அவருடன் அரிப்பு வரை நடந்த ஸ்டீபன் ரட்லண்டையும் போன்றோர் எவரையும், தோணி குடைந்த காலத்தில், டீபோ தம் தீவில் வைக்கவில்லை. அப்படி வைத்திருந்தால் அந்தத் தோணி மிதந்திருக்கும், ஆனால் உலகம் விரும்பிப் படிக்கும் இந்த நவீனம் பிறந்திராது.