விரலுக்கேற்ற வீக்கம்: மாணவர் கைக்கெட்டும் டெலிபோட்டோ லென்ஸ்

காலை ஏழரை மணிக்கு நம் வளாகத்தைச் சற்றுச் சுற்றி வந்து பாருங்கள். மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருக்கும்; மரக்கிளைகளுக்கிடையே மாங்குயில் மஞ்சளாய் மின்னி மறையும். கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தால் பறவை கடுகளவுதான் விழும். இந்த ஏமாற்றத்தில்தான் பலருக்குப் படக்கருவி ஆசை பிறக்கிறது. படக்கருவி வந்ததும் அடுத்த கேள்வி: எந்த லென்ஸ் வாங்குவது?

கல்விக் கடனில் காலம் தள்ளும் மாணவனுக்கு இது சிறிய கேள்வியன்று. தவறான லென்ஸ் ஒரு பருவத்தின் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிட்டு அலமாரியில் தூங்கும். ஆகவே, கடைக்குப் போகுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்குப் பார்ப்போம்.

மில்லிமீட்டர் கணக்கு

லென்சின் மேல் எழுதியிருக்கும் 55-250, 70-300, 150-600 போன்ற எண்கள் அதன் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் குறிக்கின்றன. இடைநிலைப்பள்ளி இயற்பியலில் ‘பாஞ்சாங் ஃபோகுஸ்’ என்று மனனம் செய்தோமே, அதேதான். சூம் லென்சில் இந்தத் தூரத்தை மாற்றிக்கொள்ளலாம். அதனால் இரண்டு எண்கள்.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். மீன்கொத்தியின் நீளம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். அது 20 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 300 மி.மீ. லென்ஸ் அதை உணரியின் மேல் 4.2 மி.மீ. அளவில் விழச்செய்யும். மாணவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் ஏ.பி.எஸ்.-சி வகைப் படக்கருவியில் உணரியின் அகலம் சுமார் 22 முதல் 24 மி.மீ. ஆக, பறவை படத்தின் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முழுமையாக நிரப்பாது. 600 மி.மீ. லென்ஸ் என்றால் 8.4 மி.மீ.; மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதே 300 மி.மீ. லென்சுடன் 10 மீட்டர் தொலைவுக்குச் சென்றாலும் இதே அளவு கிடைக்கும்.

‘என் படக்கருவியில் 300 போட்டால் 480 ஆகிவிடும்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கெனனின் ஏ.பி.எஸ்.-சி உணரி முழுச்சட்ட உணரியைவிட 1.6 மடங்கு சிறியது; நிக்கான், சோனியில் 1.5 மடங்கு; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 2 மடங்கு. லென்ஸ் மாறுவதில்லை, காட்சியின் ஓரங்கள் வெட்டப்படுவதால் பறவை பெரிதாகத் தோன்றுகிறது. ஆயினும், விலை குறைந்த சிறிய உணரி விலங்குப் படத்திற்கு ஏற்றது என்பது உண்மையே.

விலையைத் தீர்மானிப்பது வெளிச்சம்

குவியத் தூரத்தை லென்சின் திறப்பு விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 600 மி.மீ., எஃப் 4 லென்சுக்கு 150 மி.மீ. அகலத் திறப்பு வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிசகின்றிச் செதுக்குவதால்தான் அதன் விலை பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டுகிறது. எஃப் 6.3 என்றால் 95 மி.மீ. போதும். இந்த வழியில்தான் தாம்ரோன் நிறுவனம் 2013-இல் 150-600 மி.மீ. லென்சை அறிவித்து, அமெரிக்காவில் 1,069 டாலருக்கு விற்றது. சிக்மா 2014-இல் தன் 150-600 லென்சுகளையும், நிக்கான் 2015-இல் 200-500 எஃப் 5.6 லென்சையும் அறிவித்தன. 600 மி.மீ. என்பது எளியவர் கைக்கு வந்தது இப்படித்தான்.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு. எஃப் 4-இலிருந்து எஃப் 5.6-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். எஃப் 8-இல் அதிலும் பாதி. ஆப்பிரிக்கப் புல்வெளியில் இது பெரிய குறையாகாது. நம் மழைக்காட்டில், அடர்ந்த இலைக்கூரையின் கீழ், நண்பகலும் அந்திபோல் இருக்கும். அங்கு ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்த வேண்டும். படத்தில் புள்ளிகள் மிகும்.

‘அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே’ என்று கேட்கலாம். அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். பறவையின் அசைவை அடக்காது. சிறகசைக்கும் பறவைக்கு 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் தேவை. அதற்கு வெளிச்சம்தான் வழி.

எங்கே போகிறீர்கள்?

லென்சைத் தேர்ந்தெடுக்குமுன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தியில் வெள்ளிநிற லூத்தோங் குரங்குகள் மனிதருக்கு வெகு அருகில் வரும். அங்கு 55-250 தாராளமாகப் போதும். பிரேசர் மலையில் சாலையோரப் பறவைகள் மனிதருக்குப் பழகியவை, 300 மி.மீ. போதும், ஆனால் மூடுபனியில் வெளிச்சம் குறையும். பேராக்கின் கோல கூலா சேற்றுநிலத்தில் கரைப்பறவைகள் வெகு தொலைவில் இரை தேடும், 600 மி.மீ. கூடப் போதாத நேரங்கள் உண்டு. பெலும்-தெமெங்கோர் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் உள்ளன. அங்குப் படகிலிருந்து படமெடுக்கும்போது முக்காலி உதவாது. கையில் தாங்கக்கூடிய லென்ஸ்தான் உதவும்.

எடையை அதனால்தான் அலட்சியம் செய்யக்கூடாது. சிக்மாவின் ‘கன்டெம்பரரி’ வகை 150-600 ஏறக்குறைய 1.9 கிலோ, அதே அளவுள்ள ‘ஸ்போர்ட்ஸ்’ வகை ஏறக்குறைய 2.9 கிலோ. பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் பயணம் செய்யும் நமக்கு அந்த ஒரு கிலோ பெரிது.

மூன்று படிகள்

முதற்படி: கெனனின் 55-250 எஸ்.டி.எம்., நிக்கானின் ஏ.எஃப்-பி 70-300 போன்றவை. இரண்டும் அரைக் கிலோவுக்குக் குறைவு. பழையதாக வாங்கினால் பணப்பை தாங்கும். நிக்கானின் சில பழைய படக்கருவிகளில் ஏ.எஃப்-பி லென்ஸ் தானாகக் குவியாது. பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாம் படி: கண்ணாடியில்லா மிரர்லெஸ் படக்கருவிகளுக்கான எடை குறைந்த லென்சுகள். 2021-இல் வந்த கெனன் ஆர்.எஃப் 100-400 வெறும் 635 கிராம். ஆனால் 400 மி.மீ.-இல் எஃப் 8.

மூன்றாம் படி: மேற்சொன்ன 150-600, 200-500 வகைகள். பறவைப் படத்தில் ஆர்வம் ஓராண்டாவது நிலைத்த பிறகு இவற்றைப் பற்றி யோசியுங்கள்.

குறுகிய லென்சுடன் 2 மடங்கு நீட்டிப்பானை மாட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது வெளிச்சத்தைக் கால் பங்காக்கிவிடும். மலிவு சூம்களில் தெளிவும் தானியங்கிக் குவியமும் கெடும்.

பழையது வாங்கும்போது

நம் நாட்டு ஈரக் காற்றில் லென்சின் முதல் எதிரி பூஞ்சை. கைப்பேசி விளக்கை லென்சின் ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு, சூமை முழுதும் நீட்டி, சுவரில் ஒட்டிய நாளிதழைப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்துத் தெளிவாக உள்ளதா என்று பாருங்கள். கருவியைக் கிடைநிலையிலும் செங்குத்தாகவும் பிடித்துத் தானியங்கிக் குவியத்தைச் சோதியுங்கள்.

வாங்கிய பின் காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்சைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், பனித்துவிடும். சற்று நேரம் பையிலேயே சூடேறட்டும்.

தூரமும் ஒரு மரியாதை

நீண்ட லென்சின் உண்மையான பயன், நாம் விலங்கை நெருங்காமல் இருக்கலாம் என்பதுதான். பெண் இருவாச்சி முட்டையிடும் காலத்தில் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவின் வழியே ஆண் பறவை ஊட்டுவதுதான் தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு. நாம் பொந்தருகே முக்காலி போட்டு நின்றால் ஆண் பறவை அஞ்சி வராது. உள்ளிருப்பவை பட்டினி கிடக்கும். கையில் 300 மி.மீ. மட்டும் இருந்தால், பறவை சிறிதாக விழும் படமே போதும் என்று திரும்பிவிடுவதே அழகு. இரை வைத்து ஈர்ப்பதும், பதிவுசெய்த குரலை ஒலித்து அழைப்பதும் வேண்டாம்.

அருமை நண்பர்களே, காட்டுயிர்ப் படத்திற்குப் பணத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். ஒரு மீன்கொத்தி எந்தக் கிளைக்கு எந்நேரம் திரும்பி வருகிறது என்று ஒரு வாரம் கவனித்தவருக்கு 250 மி.மீ. லென்ஸ் நல்ல படம் தரும். எனவே, கைக்கெட்டும் லென்சுடன் வளாகத்து மரங்களிலிருந்தே தொடங்குங்கள். எந்தப் படத்திற்கு எட்டவில்லை என்பதை நீங்களே உணரும்போது, அடுத்து எதை வாங்குவது என்பது தானாகத் தெரியும்.