நல்லமிளகின் இருபால் பூ

திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய சாலைக் கம்போளம் என்ற சந்தையையும் அதையொட்டிய ஆரியசாலைப் பகுதியையும் சார்ந்த மளிகை வணிகத்தில் நல்லமிளகுக்கு நெடுங்காலமாக இடமுண்டு என்றாலும், அம்மிளகைத் தரும் கொடியின் பூ காட்டில் இருந்த மூதாதையின் பூவைப் போன்றதன்று என்பது பலரும் அறியாத செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானாக வளரும் மிளகுக் கொடிகள் பெரும்பாலும் ஈரில்லத் தாவரங்கள். அதாவது ஆண் பூக்கள் ஒரு கொடியிலும் பெண் பூக்கள் வேறொரு கொடியிலும் தோன்றுவதால், ஆண் கொடி காய்ப்பதே இல்லை, பெண் கொடியோ அருகில் ஆண் கொடி இல்லாவிடில் வெறும் சரங்களையே தாங்கி நிற்கும்.

தோட்டத்து மிளகில் மகரந்தத் தாளும் சூலகமும் ஒரே பூவில் அமைந்த இருபால் பூக்களே மிகுதி. எப்போதாவது அப்படிப் பூத்துத் தனித்தே காய்த்த கொடியைக் கண்டு, அதன் தண்டைத் துண்டாக்கி நட்டுப் பெருக்கிய உழவர்களின் தேர்வு தலைமுறைகளாகத் தொடர்ந்ததே இம்மாற்றத்துக்குக் காரணம் எனக் கொள்வது பொருந்தும். விதையின்றித் தண்டால் பெருக்கும்போது தாய்க்கொடியின் இயல்பு அப்படியே வழிவழியாக நிலைக்கிறது. சரத்தில் வழியும் மழைநீர் ஒட்டும் தன்மையுள்ள மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசெல்ல உதவுவதால், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பூக்கும் கொடிக்கு அம்மழையே துணையாகிறது.

ஒரே தாவரத்தில் இருபாலும் சேரும் இதே இயல்பு கஞ்சாச் செடியில் குறையாகக் கருதப்படுகிறது. அதுவும் ஈரில்லத் தாவரமே. ஆனால் அங்கே வேண்டப்படுவது விதையன்று, கருவுறாத பெண் பூங்கொத்தின் பிசின். ஆண் பூவும் பெண் பூவும் கலந்து பூக்கும் செடி ஒன்று நின்றாலும் அதன் மகரந்தம் காற்றில் பரவி வயல் முழுவதும் விதை பிடிக்கும் என்பதால், ஆண் செடிகளைத் தேர்ந்து பிடுங்குவதற்கென்றே வங்காளத்தில் கைதேர்ந்தவர்கள் அமர்த்தப்பட்டதை 1893-94ஆம் ஆண்டுகளின் இந்தியச் சணல் மருந்துப் பொருள் ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இதே செடியை நாருக்காகச் சணல் என்ற பெயரில் பயிரிடும் ஐரோப்பியரோ, ஆண் செடி முந்திக் காய்ந்துவிடுவதால் அறுவடை சீர்குலைவதைத் தவிர்க்க, இருபாலும் ஒரே செடியில் பூக்கும் இரகங்களையே முயன்று உருவாக்கினர்.

மிளகில் பெண் பூ மிகுந்த கொடிக்கும் பயன் உண்டு என்பதைக் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் காட்டியது. பெண் பூக்களே மிகுதியாக உள்ளதால் காய்ப்பிடிப்புக் குறைந்த உதிரங்கொட்டை என்ற நாட்டு இரகத்தைத் தாயாகவும், செறிய கணியக்காடனைத் தந்தையாகவும் கொண்டு அங்கே உருவான பன்னியூர்-1, உலகின் முதல் மிளகுக் கலப்பினமாக அறியப்படுகிறது. உழவர் ஒதுக்கக்கூடிய கொடியைத் தாயாகக் கொண்ட இத்தேர்வு போற்றத்தக்கது. ஆயினும் பன்னியூர்-1 அடர்ந்த நிழலில் நன்கு காய்ப்பதில்லை. நிழல் மிகுந்தால் மிளகுச் சரத்தில் இருபால் பூக்கள் குறைந்து பெண் பூக்கள் பெருகும். ஆகவே மழை தொடங்கும் முன்னரே கொடி படர்ந்த முருக்கு மரத்தின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் உள்ளே விழச் செய்கிறார்கள்.