உங்களுக்குத் தெரியுமா? நவாபின் குமாரர் பெற்ற தீட்சை

செங்கற்பட்டுச் சீமையை 1763இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் மூத்த குமாரரும், 1795 முதல் 1801 வரை தாமே நவாபாக விளங்கியவருமான உம்தத்-உல்-உமாரா, மதபேதம் பாராத சகோதரத்துவமே தங்கள் தர்மம் என்று கூறும் பிரீமேசன் சங்கத்தில், 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்றார். அதில் சேர்ந்த முதல் இந்தியர் அவரே என்பர்.

• சங்கத்தின் ஆதார தத்துவங்கள் மூன்று: சகோதர பாசம், துன்புற்றோர்க்கு உபகாரம், சத்தியம்.

• மாமல்லபுரத்துச் சிற்பியர் கையாளும் மூலைமட்டம் போன்ற கல்தச்சர் கருவிகளே சங்கத்தினருக்கு ஒழுக்கத்தின் சின்னங்கள். மூலைமட்டம் நடத்தையின் நேர்மையையும், கவராயம் ஆசைகளுக்கு இடவேண்டிய எல்லையையும், மட்டம் மாந்தர் யாவரும் சமம் என்பதையும் போதிக்கின்றன. தொழில்செய்யும் கரங்களின் கருவிகளையே நீதிநூலாகக் கொண்டது போற்றத்தக்கது.

• கூட்டத்தில் மதவாதமும் அரசியல்வாதமும் கூடா. இந்தியச் சபைகளிலோ கீதை, குர்ஆன், பைபிள் முதலிய வேதநூல்கள் ஒரே பீடத்தில் வைக்கப்பெறும். அங்கத்தினர் அவரவர் வேதத்தின்மீது பிரமாணம் செய்வர்.

• எனினும், இஸ்லாமிய இளவரசரை ஏற்று ஏறத்தாழ நூறாண்டு சென்ற பின்னரும், 1872இல், நெடிய வாதத்தின் முடிவிலேயே, கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்னும் இந்து சேர்த்துக்கொள்ளப்பட்டார். சமத்துவம் உரைத்த சங்கத்திற்கு இத்தாமதம் ஒரு குறையே.

• இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சபை அமைந்தது 1961 நவம்பரில்.