உயரமானியின் உபரிக் குறிகள்

பத்திரம் ஒன்று கைக்கு வந்தால் வக்கீலின் கண் முதலில் செல்வது, வரிகளுக்கிடையே பின்னர் நுழைக்கப்பட்ட சொல்லின்மீதும், ஓரத்தில் எழுதிய திருத்தத்தின்மீதுமே யாகும். தகராறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய ஆகாய விமானங்களிலிருந்து கழற்றப்பெற்ற ஆல்டிமீட்டர் என்னும் உயரமானியைப் பார்க்குங்கால் நமக்கு இவ்வழக்கமே முந்துகிறது. 0 முதல் 9 வரையுள்ள எண்களும், சுற்றும் முட்களும் கடிகாரம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் ஒருவாறு விளங்கும். ஆனால் முகப்பில் திறந்துள்ள சிறு ஜன்னல், விளிம்பையொட்டி நகரும் இரண்டு அடையாளக் குறிகள், சில கருவிகளில் தோன்றி மறையும் சாய்கோட்டுத் துண்டு, இவையெல்லாம் எதற்காக?

இக்கருவி உயரத்தை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தையே அளக்கிறது. உள்ளே காற்று வாங்கப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ்கள் இருக்கின்றன. பிரெஞ்சு தேசத்து லூசியன் வீடி என்பவர் 1844-ம் வருஷத்தில் கண்ட தத்துவம் இது. விமானம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் சிமிழ் விரிகிறது. அவ்விரிவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முட்களைச் சுழற்றுகின்றன. ஆனால் அழுத்தமோ ஸ்தலத்துக்கு ஸ்தலம், வேளைக்கு வேளை மாறுவது. பாதரச அளவில் ஓர் அங்குலம் வேறுபட்டால், கடல் மட்டத்தருகே சுமார் 1,000 அடி கணக்குத் தப்பிவிடும். ஆகவே தரையிலிருந்து சொல்லும் அழுத்தத்தைத் திருகாணியால் ஜன்னலில் வைத்துக்கொள்ளவேண்டும். அமெரிக்கக் கருவிகளில் இது அங்குலத்திலும், பிரிட்டிஷ் கருவிகளில் மில்லிபாரிலும் குறிக்கப்படும். பொதுப் பிரமாணம் 29.92 அங்குலம், அதாவது 1013.2 மில்லிபார்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பால் கோல்ஸ்மன் செய்த நுண்ணிய உயரமானியைக் கொண்டுதான், 1929-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி லாங் ஐலண்டில் ஜேம்ஸ் டூலிட்டில், வெளியே ஒன்றும் தெரியாதபடி மூடிய ஆசனத்தில் அமர்ந்து, ஏறிப் பறந்து இறங்கிக் காட்டினார். அந்த ஜன்னலை இன்றும் விமானிகள் கோல்ஸ்மன் ஜன்னல் என்றே அழைக்கின்றனர்.

விளிம்பிலுள்ள இரு குறிகளும் ஜன்னலின் அளவையோடு சேர்ந்தே நகர்பவை. ஜன்னல் அழுத்தத்தில் சொல்வதை இவை அடிக்கணக்கில் சொல்லும். ஒன்று நூறுகளுக்கு, மற்றது ஆயிரங்களுக்கு. 29.92-ல் இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும். ஜன்னலின் அளவையோ ஏறக்குறைய 28.1 முதல் 31 வரைதான். 5,000 அடி உயரத்திலுள்ள மைதானத்தில் காற்றழுத்தம் 25 அங்குலத்தையொட்டியே இருக்குமாதலால் ஜன்னல் உதவாது. அத்தகைய இடத்தில் தரையிலுள்ளோர் அடிக்கணக்கில் சொல்வதைக் குறிகளில் வைத்துக்கொண்டால், சக்கரம் மண்ணைத் தொடுகையில் முட்கள் பூஜ்யம் காட்டும்.

இனி, சாய்கோட்டுத் துண்டு. இதன் கதை துயரமானது. மூன்று முட்களில் நீண்டது 1,000 அடிக்கு ஒரு சுற்று. அடுத்தது 10,000 அடிக்கு ஒரு சுற்று. மிகச் சிறியது பதினாயிரங்களைக் காட்டுவது. 14,500 அடியிலும் 4,500 அடியிலும் பெரிய முட்கள் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். வித்தியாசத்தைச் சொல்ல அந்தச் சின்னஞ்சிறு முள் ஒன்றே சாட்சி. அதுவும் மற்ற முட்களின் கீழ் மறைந்துபோகக்கூடும்! 1947-ம் வருஷத்திலேயே அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களான பிட்ஸும் ஜோன்ஸும், கருவிகளைத் தவறாகப் படித்த 270 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, இந்த உயரமானி விஷயத்தைச் சுட்டிக்காட்டினர்.

எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. கருவி விமானத்தில் இருந்தது. 1958-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக்கை நோக்கி இறங்கிய வைகௌண்ட் விமானத்தில், உயரம் 10,000 அடி அதிகமாகப் படிக்கப்பட்டது. உள்ளே இருந்த ஐவரும் மாண்டனர். அதே வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, தென் இங்கிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் அருகே சோதனைப் பறப்பிலிருந்த பிரிட்டானியா விமானம் மூடுபனியில் தரையில் மோதிற்று. 12 பேரில் 9 பேர் உயிரிழந்தனர். விசாரணை விமானிகளின் கவனக்குறைவையே முதற்காரணமாகக் கொண்டது. எனினும், இவ்வளவு முக்கியமான கருவியைப் படிக்க இருக்கத்தகாத அளவு கவனம் தேவைப்பட்டது என்பதையும் அது ஒப்புக்கொண்டது. பத்திரத்தில் பொருள் மயக்கம் இருப்பின் அதை எழுதியவனுக்கு விரோதமாகவே கொள்ளவேண்டும் என்பது சட்டத்தின் பழைய விதி. இவ்விதியைக் கடிகார முகத்துக்கும் பிரயோகித்தால், வைகௌண்ட் விமானியின்மீது சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கையேனும் முகப்பை வரைந்தோர் ஏற்றுக்கொள்ளவேண்டியவரே என்பது நமது அபிப்பிராயம்.

பிற்காலக் கருவிகளில் சிறு முள்ளை விளிம்புவரை நீட்டி, நுனியில் முக்கோணம் ஒன்றை வைத்தனர். 10,000 அடிக்குக் கீழே இறங்கியதும் சாய்கோட்டுத் துண்டு கண்ணிற் படும்படியும் செய்தனர். ஆகவே, கையிலுள்ள கருவியில் அத்துண்டு இருக்கிறதா, இல்லையா என்பதே அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு ஒரு நல்ல துப்பாகும்.

இத்தகைய பொருள்களைச் சேகரிப்போருக்கு ஒரு வார்த்தை. யுத்தகாலக் கருவிகளின் எண்களிலும் முட்களிலும் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வர்ணம் பூசியிருப்பதுண்டு. ஒளி மங்கிப்போனது ரேடியம் தீர்ந்ததால் அல்ல. அது பாதியாகக் குறைவதற்கே சுமார் 1,600 வருஷங்கள் வேண்டும். திருகாணியைத் திருப்பிப் பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.